மீதித் தக்காளி விழுதை என்ன செய்வது என்று கேட்ட மகனுக்கு

ராசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் தங்கை கமலம் அதை ஒரு முறை வாசித்தாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவருக்காக இன்னொரு முறை வாசித்தாள். மருமகள் பாக்கியத்துக்கு மசக்கை இவ்வளவு கடுமையாக இருக்கிறது, தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, இப்படியே போனால் தாயும் தாங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார் என்ற இடம் வந்ததும், உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. நீ வைத்த தக்காளி ரசம் மட்டும் அவள் வயிற்றில் நின்றது என்று எழுதியிருந்தாய். என்னை உடனே புறப்பட்டு வரவும் சொல்லியிருந்தாய். கடைசியில், கையெழுத்தும் போட்ட பிறகு, காகிதத்தின் மூலையில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி: "அம்மா, டின்னைத் திறந்து ஒரு கரண்டிதான் எடுத்தேன். மீதி அப்படியே இருக்கிறது. வீணாகாமல் என்ன செய்யலாம்?" கேட்கக் கூசிக்கொண்டு கேட்டது போல இருந்தது. மற்றவர்களுக்கு அது பெரிய சேதியாகத் தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு வரிதான் காதிலேயே நின்றது. மீதியை என்ன செய்வது என்ற கவலை, நாளைக்கும் அடுப்படியில் நிற்கப் போகிறவனுக்குத்தான் வரும்.

என் கண் முன்போல இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் வாத்தியார் அண்ணன் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று, அவளாகவே ஏட்டுத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். பேச்சு என்னுடையது, எழுத்து அவளுடையது. பிழை இருந்தால் அவளைக் கேள்.

இதை வாசித்த உடனே நீ செய்ய வேண்டியது, அந்த விழுதை டின்னிலிருந்து எடுப்பது. இந்நேரம் எடுத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். எடுக்கவில்லை என்றால் முகர்ந்து பார். மேலே பூஞ்சை தெரிந்தாலும், துருவாடை அடித்தாலும், கொஞ்சமும் யோசிக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடு. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நன்றாக இருந்தால், ஈரமில்லாத பீங்கான் ஜாடிக்கு மாற்றி, மேலே தட்டையாக்கி, விழுது தெரியாதபடி நல்லெண்ணெய் ஊற்றி மூடி வை. எடுக்கும்போதெல்லாம் கரண்டி காய்ந்திருக்க வேண்டும். எடுத்த பள்ளத்தைத் தடவிச் சமமாக்கி, மறுபடி எண்ணெய் விட வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போயிருந்தால் இந்த விழுதை அதன் பக்கமே கொண்டுபோகாதே. மண்சட்டிதான் நல்லது. வீங்கிய டின் என்றால் திறக்கவே வேண்டாம். நசுங்கியதற்கும் வீங்கியதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டில் வளர்ந்த உனக்குத் தெரியும்.

நசுங்கிய டின்களால் வளர்ந்த குடும்பம் இது. கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கிடங்கில் உன் அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டை விழுந்து நசுங்கியதையெல்லாம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம், கைக்குழந்தை கனத்தில் ஒரு டின்னை வெல்ட்கீ துறைமுகத்திலிருந்து சுங்கை பினாங்கில் நம் வீடு வரை தோளில் சுமந்துகொண்டு வந்தார். மேலே என்னவோ அன்னிய எழுத்து. சிவப்பாகப் பழத்தின் படம் போட்டிருந்தது. ஜாம் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். உனக்குத்தான் முதலில் ரொட்டியில் கனமாகத் தடவிக் கொடுத்தேன். நீ ஒரு கடி கடித்து, கண்ணை இறுக்கி மூடி, துப்பினால் அப்பா வருத்தப்படுவார் என்று விழுங்கினாய். "இனிக்குதாடா?" என்று அவர் ஆசையாகக் கேட்டார். "கொஞ்சம் உப்பா இனிக்குதுப்பா" என்றாய். அப்போது உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அடுத்தவர் மனது நோகாமல் பேச எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னிடம் இல்லை. நான் என் பங்கைத் துப்பிவிட்டேன்.

அந்த முதல் டின்னில் பாதிக்கு மேல் கெட்டுத்தான் போயிற்று. பச்சையாகவே ரசத்தில் கரைத்தேன், கசந்தது. குழம்பில் கொதிக்கும்போது போட்டேன். மேலே சிவப்பாக மிதந்து, வாயில் பச்சை வாடை அடித்தது. இது வெள்ளைக்காரன் வயிற்றுக்குச் செய்தது, நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அப்பா கொண்டுவந்த டின்களையெல்லாம் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அவற்றைத் திறந்தவன் நீ.

எனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஐந்தாம் வகுப்பு. கமலம் என் புடைவையைப் போர்த்தால்தான் தூங்குவாள், அவ்வளவு சின்னது. அப்பா விடியும் முன்னே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். லீவு கேட்டால் வேலை போய்விடும். பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் சில நாள் சோறு கொடுத்தாள். பிறகு அவள் வீட்டிலும் காய்ச்சல் வந்துவிட்டது. அன்றைக்கு நீ அடுப்பைப் பற்ற வைத்தாய். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. கமலம் பசியில் அழுதாள், பற்ற வைத்தாய், அவ்வளவுதான். வீட்டில் அரிசி இருந்தது, வெங்காயம் இருந்தது, கட்டிலுக்கு அடியில் நான் தள்ளி வைத்த டின்கள் இருந்தன. காய் வாங்கப் பாசாருக்குப் போய் வர உனக்கு நேரம் ஏது?

நான் பெரிய மனுஷி, இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றவள், கண்டுபிடிக்காததை நீ அப்போது கண்டுபிடித்தாய். வெங்காயம் வதங்கியதும் விழுதை எண்ணெயிலேயே போட்டு, சின்ன நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்திருக்கிறாய். செங்கல் நிறம் வந்து, எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வந்த பிறகுதான் தண்ணீர் விட்டிருக்கிறாய். பச்சை வாடை போன இடம் தெரியவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று பின்னால் நான் கேட்டபோது, "மிளகாய்த்தூளை நீங்க அப்படித்தானேம்மா வதக்குவீங்க, இதுவும் சிவப்பாத்தானே இருக்கு" என்றாய். இன்றுவரை இந்தத் தெருவில் டின் தக்காளி வாங்குகிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் மகன் கண்டது என்று நான் சொல்லாமல் விட்டதில்லை. மீன் குழம்புக்கு அதை வதக்கிப் போட்டுப் புளியைப் பாதியாகக் குறைத்ததும் நீதான். வதக்கிய விழுதில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, அதிலே முட்டையை உடைத்து ஊற்றி, அப்படியே மூடி வேக வைத்ததும் நீதான். கமலம் இதை எழுதும்போதே நாக்கைச் சப்புகிறாள்.

அந்த நாள்களில்தான் உன் பெரியப்பா ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தார். அப்பா அப்போதுதான் கிடங்கிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா உன்னை அடுப்படியில் பார்த்துவிட்டு, "என்னடா, பொம்பளப் புள்ள மாதிரி அகப்பையும் கையுமா நிக்கிற? ஆம்பள செய்யற வேலையா இது?" என்று சிரித்திருக்கிறார். அப்பா குனிந்து காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "குழம்பு அடிப்பிடிச்சிரும் பெரியப்பா, இருங்க. உங்களுக்கும் ஒரு தட்டு போடவா?" என்றாயாம். அவர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். மறுபடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காய்ச்சல் விட்டு, கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நீ கொண்டுவந்த கஞ்சியை எப்படி மறப்பேன்? மிளகாய் இல்லாமல், சீரகமும் உப்பும் சேர்த்து வதக்கிய விழுது, கஞ்சியின் நடுவே ஒரு பொட்டு. வாயில் ருசியே செத்துப் போயிருந்த எனக்கு, அந்தப் புளிப்பு பட்டதும் எச்சில் ஊறியது. உயிர் திரும்பி வருகிறது என்று அப்போதுதான் நம்பினேன். பக்கத்துக் கட்டில்காரி, "யாரு சமைச்சுக் கொடுத்தா அக்கா, உங்க மகளா?" என்றாள். "மகன்" என்றேன். அந்தச் சொல்லை அத்தனை சத்தமாக நான் அதற்கு முன்பு சொன்னதில்லை. உனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்தபோதும், வாத்தியார் வேலை கிடைத்து நீ அக்கரைக்குப் பெர்ரி கப்பல் ஏறியபோதும் பெருமைப்பட்டேன்தான். ஆனால் என் பெருமை தொடங்கியது அந்தக் கட்டிலில்.

பாக்கியத்துக்கும் அந்தக் கஞ்சியையே செய்து கொடு. ஆனால் ஒன்று கவனி. மசக்கைக்காரிக்குத் தாளிப்பு வாசம் ஆகவே ஆகாது. விழுதை வீட்டுக்குள் வதக்காதே. கொல்லையில் மூன்று கல் வைத்து, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நேரமாகப் பார்த்து, ஒரேயடியாக வதக்கி ஜாடியில் வைத்துக்கொள். பிறகு வேண்டியபோது ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்தால் ரசம், கஞ்சியில் கலந்தால் கஞ்சி, வெந்த பருப்பில் போட்டால் குழம்பு. அவள் மூக்குக்குத் தெரியாமல் வேலை முடிந்துவிடும். தட்டு நிறையப் போட்டு முன்னால் வைக்காதே, பார்த்தாலே குமட்டும். சின்னக் கிண்ணத்தில் கொடு, முடித்தால் மறுபடி கொடு. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன வேண்டும் என்று அவளையே கேள். உன்னைச் சுமந்தபோது எனக்கு வாரம் முழுவதும் மாங்காய் மேல் ஆசையாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நம் தெருமுனையிலேயே மரம் இருந்தது.

மீதி விழுதில் உனக்கும் ருசியாக ஏதாவது செய்துகொள். அவளைப் பார்த்துப் பார்த்து நீ பட்டினி கிடக்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டு, விழுதைச் சுருளக் கிண்டி, இறக்கும்போது வறுத்த வெந்தயப் பொடியும் சுண்டைக்காய் அளவு வெல்லமும் சேர்த்தால் தொக்கு. நெடுநாள் கெடாது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிப் போக அதுவே போதும். நாறுகிற இறால் பெலாச்சானும் மிளகாயும் இடித்து, நெத்திலியோடு இந்த விழுதைப் போட்டு வதக்கினால், பக்கத்து மலாய்க்கார வீட்டில் கேட்டு வாங்குவார்கள். ஆனால் பாக்கியம் உடம்பு தேறும் வரை பெலாச்சானைத் திறக்கவே திறக்காதே. சீனன் கடையில் நூல் நூலாக இருக்கும் மீ வாங்கி, முட்டையும் கீரையும் போட்டுப் பிரட்டும்போது ஒரு கரண்டி விட்டுப் பார். வெயில் நன்றாகக் காய்கிற காலமாக இருந்தால், அரிசி மாவுக் கூழ் கிண்டி, உப்பும் சீரகமும் விழுதும் கலந்து, வேட்டியில் சின்னச் சின்னதாக ஊற்றிக் காயப்போடு. நன்றாகக் காய்ந்த வடகம் டப்பாவில் இருந்தால், மழை நாளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கவலை இல்லை. ஒரு டின் மீதியை வைத்து இவ்வளவும் செய்ய முடியாது. எது முடியுமோ அதைச் செய்.

இனி ஒரு விஷயம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கமலம் சொன்னாள். நான் சொல்லத்தான் போகிறேன். உங்கள் பக்கம் லோரி ஓட்டுகிற சின்னையா போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார். நேரம் பார், பெரியப்பாவும் அப்போது வீட்டில் இருந்தார். சின்னையா வெள்ளை மனது, வாயில் எதுவும் நிற்காது. "அக்கா, தோட்டத்துல லயத்து வீடெல்லாம் சிரிக்குது லா. வாத்தியார் சோறாக்குறாரு, சட்டி கழுவுறாரு, பொண்டாட்டி சேலையக்கூடத் துவைச்சுக் காயப்போடுறாரு. 'சமையல் வாத்தியார்'னே பேரு வச்சுட்டாங்க" என்றார். எனக்குப் பகீரென்றது. ஊரார் சிரிப்பதற்காக இல்லை. இத்தனை நடந்தும் நீ அதை ஒரு வார்த்தை எழுதவில்லையே என்றுதான்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தம்பி, நீ போயி அவனுக்குப் புத்தி சொல்லு. இல்லாட்டி ஒரு கிழவியை வேலைக்கு வைக்கச் சொல்லு. படிச்ச பய, நாலு பேரு மதிக்கிற உத்தியோகம், இப்படியா நம்ம மானத்தை வாங்குவான்?" என்றார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் உன் அப்பா எழுந்தார். அண்ணன் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் உயரவில்லை.

"அண்ணே, கமலத்தைச் சுமந்தப்ப இவளும் இப்படித்தான் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தா. நான் சட்டையை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து, சோறு எங்கேன்னு கேட்டேன். அவளும் எழுந்து வந்து போட்டா. எம்மவன் அப்படிக் கேக்கல. நின்னு ஆக்கிப் போடுறான். எனக்கு வராத புத்தி அவனுக்கு வந்திருக்கு, நான் போயி அவனுக்கு என்ன புத்தி சொல்றது?" என்றார். பிறகு சின்னையா பக்கம் திரும்பி, "நீ அங்க போனா சொல்லு. சமையல் வாத்தியாரோட அப்பன் நான்தான்னு சொல்லு" என்றார். சின்னையா என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

இதுவரை சொல்லி முடித்து, அன்றைக்கே தபாலில் சேர்க்கக் கமலத்தை அனுப்ப இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, நின்றுவிட்டோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. மறுநாள் சின்னையா மறுபடி வந்தார். உன் வீட்டுப் பக்கம் போயிருந்தாராம். கதவைத் திறந்தது பாக்கியமாம். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது, ஆனால் நின்று பேசினாள், கஞ்சி குடித்தேன், வயிற்றில் தங்கியது என்று சொன்னாள் என்றார். "டிரெஸ்ஸரும் வந்து பாத்துட்டு, இனி பயமில்லன்னு சொல்லிட்டாராம் அக்கா" என்றார். நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, அவருக்கும் சோறு போட்டாயாம். லயத்துப் பெண் ஒருத்தி வந்து, தன் மகளுக்கும் மசக்கை என்று உன்னிடம் அந்தக் கஞ்சியின் பக்குவம் கேட்டுக்கொண்டு நின்றாளாம். இந்தக் கடிதம் வந்து சேரும் முன்பே நீயாகவே அதை வைத்துவிட்டாய். என்னை உடனே புறப்பட்டு வரச் சொல்லி எழுதியிருந்தாயே, ராசா. துணிமணியை மூட்டை கட்டித்தான் வைத்திருந்தேன். இப்போது பிரித்துவிட்டேன். பிரசவத்துக்கு வருகிறேன். அதுவரை அவளைப் பார்த்துக்கொள்ள என்னைவிடக் கெட்டிக்காரன் அங்கே இருக்கிறான். அவள் தலையை என் கையாக நினைத்துத் தடவிவிடு.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதை எழுத மாட்டேன் என்று கமலம் சிரிக்கிறாள். நேற்று காலை நான் விழித்தபோது அடுப்படியில் புகை மண்டியிருந்தது. தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடினேன். உன் அப்பா அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார். "தள்ளுங்க, நான் போடுறேன்" என்றேன். "நீ போய் உக்காரு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இருட்டு விலகாத காலையில், செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். பாதிக் கோப்பை தூள், சீனி போட மறந்துவிட்டார், குடித்தால் விறகு வாசம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நாளைக்கும் போடவா?"

"போடுங்க" என்றேன்.

அம்மா